உபரியாக இரண்டு கைகள்

கணித உலகத்துக்கு இதுவரை இரண்டே இரண்டு மாபெரும் கொடைகள் கிடைத்திருக்கின்றன. முதலாவது பூஜ்யம். அதைக் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டாவது, ஒரு குறையையும் இன்னொரு குறையையும் கூட்டினால் நிறைவு வரும் என்ற கோட்பாடு. இதைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர்ப் பரிவுத்துறை அலுவலகம். இதில் சண்டைக்கே இடமில்லை. ஏனென்றால் அப்படிக் கூட்டப்பட்ட இரண்டு குறைகளில் ஒன்று நான், இன்னொன்று என் மனைவி. கண்ணால் கண்ட சாட்சி என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது, எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காதால் கேட்ட சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்பை உரிய இடத்துக்குச் சேர்ப்பது என் வேலை. பிரசவத்தைக் கேட்பவரைப் பிரசவத்துக்கும், பல்லைக் கேட்பவரைப் பல்லுக்கும் அனுப்புவேன். இத்தனை வருஷத்தில் மாற்றி அனுப்பி யாருக்கும் சங்கடம் வந்ததில்லை. எனக்கு விடிகாலை ஷிஃப்ட். ஊர் கண் விழிக்கும்போது நான் டெலிபோன் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

என் மனைவி ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துபவள். கல்யாணத்துக்கு முன்பு நடந்த ஒரு பஸ் விபத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இடுப்புக்கு மேலே, குறிப்பாகக் கழுத்துக்கு மேலே, உணர்வு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. அந்த அச்சகத்துக்கு வந்துபோகும் எழுத்தாளர்களில் அவளுக்குப் பயப்படாதவர் கிடையாது. வீட்டிலும் அதே நிலைமைதான். வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் மொத்தப் பயமும் என் பங்குக்கே வந்துவிடுகிறது.

நான் இருட்டோடு கிளம்பிவிடுவதால், அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிக்கவைத்து, உடுத்திவிட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அக்கா. யாருக்கு அக்கா என்று கேட்காதீர்கள், தெருவுக்கே அக்கா. அவருக்குத் தரும் சம்பளம், பரிவுத்துறை மாதாமாதம் கொடுக்கும் உதவியாளர் படியிலிருந்து போகும். படி வந்தால் அக்கா வருவார். அக்கா வந்தால் என் மனைவி எழுந்திருப்பாள். எழுந்தால் பத்து மணிக்கு அச்சகத்தில் அவள் மேசையில் இருப்பாள். எங்கள் வீட்டு உலகம் இந்த வரிசையில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் அரசாங்கம் எங்கள்மேல் நம்பிக்கை வைத்தது.

நம்பிக்கை என்பது என் சொல் அல்ல, இயக்குநரின் சொல். ‘பரிவுச் சீரமைப்பு’ என்ற புதிய திட்டத்தை விளக்குவதற்காக எங்களையெல்லாம் அலுவலகக் கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பில் ‘மகிழ்ச்சிப் பகிர்வுக் கூட்டம்’ என்று போட்டிருந்தது. மனைவி அதைப் படித்துக் காட்டிவிட்டு, "யாரோட மகிழ்ச்சின்னு போடல. ஒரு சொல் விட்டுப்போச்சு," என்றாள். தொழில் புத்தி எங்கே போகும்?

இயக்குநருக்கு நல்ல குரல். இருமல் மருந்து விளம்பரத்தில் வருமே, அந்த மாதிரிக் குரல்.

"இத்தனை வருஷமா உங்களுக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து உங்களை அவமானப்படுத்திட்டோம்," என்று ஆரம்பித்தார். "உன்னால முடியாது, உன்னால முடியாதுன்னு மாசாமாசம் உங்க முகத்துக்கு நேரா சொல்லிக்கிட்டே இருந்திருக்கோம். இனிமே அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம்."

 பிறகு பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கொக்கி அண்ணன் எழுந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். என் மனைவியின் அச்சகத்தில் முன்பு காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர் அவர். இயந்திரம் ஒருநாள் காகிதத்தோடு அவருடைய வலது கையையும் வாங்கிக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது.

"சார், அந்த அவமானத்தை நான் இன்னும் கொஞ்ச காலம் தாங்கிக்கிறேன். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

"ஐயா தமாஷா பேசுறீங்க. ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இது வெட்டு இல்லைங்க. சீரமைப்பு."

"என் கையை எடுத்த மிஷின்கூட அதுக்குச் சீரமைப்புன்னு பேர் வெக்கல சார்."

இயக்குநர் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். எங்களுக்கு முன்வரிசையில் காது கேளாத தச்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை பேச்சைக் கை அசைவில் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். முதலில் கைகள் விறுவிறுவென்று ஓடியதாகவும், பிறகு மெதுவானதாகவும், அப்புறம் மடியிலேயே விழுந்துவிட்டதாகவும் மனைவி சொன்னாள். பேச்சு முடிந்ததும் அந்தப் பெண் ஒரே ஒரு சைகை காட்டினார்.

"என்ன காட்டினா?" என்று கேட்டேன்.

"பையைக் கவுத்து உதர்ற மாதிரி காட்டினா. அவர் புரிஞ்சுதுன்னு தலையாட்டிட்டார்."

ஒரே சைகையில் அடங்கிவிடக்கூடிய விஷயத்தை அரை மணி நேரம் பேசுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சம்பளம் சும்மா தருவதில்லை.

முடிக்கும்போது இயக்குநர் கொள்கையை ஒரே வரியில் சொன்னார். "உங்க ஒவ்வொருத்தரையும் நேர்ல வரவழைச்சுப் பார்ப்போம். உங்ககிட்ட என்ன இல்லேன்னு பார்க்க மாட்டோம். என்ன இருக்குன்னு பார்ப்போம்."

"இருக்கிறதுக்கு வரி போடுவீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"அப்படி உத்தேசம் இல்லீங்கம்மா," என்றார் இயக்குநர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு," என்று சேர்த்துக்கொண்டார்.

எங்களைப் பார்வையிடும் நாள் வந்தது. பரிவுத்துறை வாசலில் மூன்று படிகள் உண்டு. பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்கென்று அழகான சாய்தளமும் உண்டு. ஆனால் அதன் வாயில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

"இதுல ஏறக் கூடாதுங்களா?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"மேலிடத்துலேருந்து சாய்தளத்தைப் பார்வையிட வர்றாங்க சார். அதுவரைக்கும் சக்கரத் தடம் படக் கூடாதுன்னு உத்தரவு."

ஒரு வசதியைச் செய்துகொடுப்பது யாருக்கும் கைவரும். அதைப் புதுசு குலையாமல் காப்பாற்றுவதுதான் நிர்வாகம்.

கொக்கி அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தார். என் தோளில் கைவைத்து ஓரமாக இழுத்தார்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. மாடி ஜன்னல்ல ஒருத்தர் நிக்கிறார். அவர்தான் பார்வை அதிகாரி. வாசல்லேருந்தே மார்க் போட ஆரம்பிச்சிடுவாராம். நீங்க ரெண்டு எடத்துல முட்டிக்கோங்க. ஒரு எடத்துல விழுந்தா இன்னும் நல்லது. தங்கச்சி, நீ கொஞ்சம் முனகு. நானே கொக்கியைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன்."

"நாங்க என்ன நாடகக் கம்பெனியா அண்ணே?" என்றாள் மனைவி. "இவர் எங்கேயும் முட்டிக்கிட்டதில்ல. நான் வழி சொல்லி இவர் முட்டினா அது எனக்குத்தான் கேவலம்."

நல்ல யோசனையை உதறித் தள்ளினோம். அது மட்டும் இல்லை. படி ஏறுவதற்கு எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது, கல்யாணமான புதிதில் சினிமாக் கொட்டகைப் படிக்கட்டில் பழகியது. நான் அவளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொள்வேன். அவள் என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு காதோடு வழி சொல்வாள். வலது தோளைத் தட்டினால் வலப்பக்கம், இடது தோள் என்றால் இடப்பக்கம், பிடரியில் ஒரு தட்டு என்றால் நில். பிடரியில் இரண்டு தட்டு என்றால் வழியில் எதுவும் இல்லை, சும்மா தட்டினாள் என்று அர்த்தம். மேலே ஏறியதும் அவளை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறக்குவேன். அந்தச் சுற்று தேவையே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து செய்கிறோம், விட முடியவில்லை.

அன்றைக்கும் சுற்றினேன். அவள் சிரித்தாள். காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மாடி ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள்.

பார்வை அதிகாரி படி இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதம் சார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இந்த மாதிரி ஒரு ஜோடியை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. இன்னொருவாட்டி ஏற முடியுமா? நம்ம ஸ்டாஃப் எல்லாரும் பார்க்கட்டும்."

இன்னொரு முறை ஏறினோம். எங்கள் அகம்பாவத்துக்கு ஓர் அளவு வேண்டாமா? எல்லோரும் கை தட்டினார்கள். எங்களுக்கு டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது. கொக்கி அண்ணனுக்குப் பச்சைத் தண்ணீர்கூட வரவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் கேட்காமலே டீ வருகிறதென்றால் நம்மிடமிருந்து ஏதோ போகப்போகிறது.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. சாயங்காலம் மனைவி படித்தாள். வழக்கமாகப் படிக்கிற வேகத்தில் படிக்கவில்லை.

"மேற்படி தம்பதியரின் உறுப்புகள் கூட்டாகப் பரிசீலிக்கப்பட்டன. மனைவி வகையில் செயல்படும் கண்கள் இரண்டு. கணவர் வகையில் செயல்படும் கால்கள் இரண்டு. இரு வகையிலும் கைகள் நான்கு, காதுகள் நான்கு. ஆகக் கூட்டுத் திறன் கோட்பாட்டின்படி, குறையேதுமற்ற முழு மனிதர் ஒருவர் கிடைக்கப்பெறுகிறார். முழு மனிதருக்கு உதவியாளர் படி வழங்க விதியில்லை. எனவே படி நிறுத்தப்படுகிறது. மேலும், தம்பதியர் வசம் உபரியாக இரண்டு கைகளும் இரண்டு காதுகளும் இருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. அது குறித்துப் பின்னர் தெரிவிக்கப்படும்."

"வாயைக் கணக்குல எடுக்காம விட்டுட்டாங்களே," என்றேன். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லைங்க," என்றாள். "ஒரு கமாகூடத் தப்பா இல்ல. யாரோ உக்காந்து பொறுமையா, சரி பார்த்து எழுதியிருக்காங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் கொக்கி அண்ணனும் தச்சரும் அவர் தங்கையும் எங்களோடு கூடினார்கள். எல்லோருக்கும் உத்தரவு வந்திருந்தது. தச்சருக்குக் காது கேட்காததால் பட்டறை இரைச்சல் அவரை எந்த விதத்திலும் பாதிக்காது என்றும், மற்றத் தச்சர்களைவிட இது அவருக்கு அனுகூலம் என்றும் துறை கண்டிருந்தது. அனுகூலத்துக்கு யாராவது உதவித்தொகை கொடுப்பார்களா? கொக்கி அண்ணனுடைய உத்தரவு இன்னும் நுட்பமானது. இடது கை நல்ல நிலையில் இருக்கிறது, தவிர மனுதாரரின் பையிலும் ஒரு கை இருப்பதாகத் தெரிகிறது என்று அதில் எழுதியிருந்தது.

"போகட்டும்," என்றார் கொக்கி அண்ணன். "தம்பி, உங்ககிட்ட ரெண்டு கை உபரியா இருக்காமே. ஒண்ணை எனக்குக் கொடுத்துடுங்க. அரசாங்கம் வந்து பறிமுதல் பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சவனுக்குப் போகட்டும்."

தச்சரின் தங்கை இதை அவருக்குக் கையால் சொன்னார். தச்சர் பதில் சொன்னதும் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ரெண்டு காதை அண்ணன் எடுத்துக்கிறாராம். மிச்சமிருக்கிற ஒரு கையும் அவருக்கே வேணுமாம், இழைப்புளி பிடிக்கறதுக்கு."

இப்படியாக அரை மணி நேரத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில், பைசா செலவில்லாமல் நாங்கள் எல்லோரும் குறை தீர்ந்து எழுந்தோம். ஊரில் மிச்சமிருப்பவர்களையும் இதே பெஞ்சுக்கு வரவழைத்தால் பரிவுத்துறையையே இழுத்து மூடிவிடலாம். சிரித்துக்கொண்டேதான் பிரிந்தோம். 

அக்காவிடம் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். "அதனால என்னம்மா, காசை அப்புறம் பார்த்துக்கலாம்," என்று அவர் மாசக் கடைசி வரை வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். அக்கா போகவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள்.

"போங்கக்கா," என்றாள் என் மனைவி. "உங்களுக்கும் வயிறு இருக்கு. நீங்க சும்மா வர்றது எனக்குத்தான் உறுத்துது."

அக்கா எழுந்து போனார். வாசல்வரை போன செருப்புச் சத்தம் அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் கழித்துத்தான் தெருவில் கேட்டது.

மேல்முறையீட்டுக்குப் போனோம். பரிவுத்துறையின் வேலைப் பிரிவினையை அன்றுதான் முழுமையாக அனுபவிக்கும் பாக்கியம் கிடைத்தது. ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்து மூன்று அறைகள். முதலறை பார்வைப் பிரிவு, நடுவறை கேட்புப் பிரிவு, கடைசி அறை தீர்வுப் பிரிவு. ஒரு வேலையையும் இன்னொரு வேலையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் கெட்ட பழக்கம் அங்கே கிடையாது.

பார்வை அதிகாரி எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நீங்களா! வாங்க வாங்க. அந்தச் சுத்து இருக்கே, வீட்டுல போய்ச் சொன்னேன், நம்பவே மாட்டேங்கிறாங்க."

"சார், படி நின்னுபோச்சு," என்றாள் மனைவி. "காலையில என்னைத் தூக்கிவிட ஆள் இல்ல."

"அடடா. அதையெல்லாம் நான் கேட்கக் கூடாதும்மா. எனக்குப் பார்க்கிறது மட்டும்தான். கேட்கிறதுக்குப் பக்கத்து ரூம்."

பக்கத்து அறையில் கேட்பு அதிகாரி ஓர் இளம்பெண். உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு நன்றாகக் கேட்கக்கூடிய ஆளை நான் எங்கேயும் சந்தித்ததில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ம்’ வைத்திருந்தார். துக்கமான இடத்தில் துக்கமான ‘ம்’, நியாயமான இடத்தில் நிமிர்ந்த ‘ம்’.

"என் கண்ணு அச்சகத்துல இருக்குங்க," என்றாள் மனைவி. "இவர் காலு ஆஸ்பத்திரியில இருக்கு. காலையில எட்டு மணிக்கு அந்த முழு மனுஷன் எங்கே இருக்கான்னு சொல்லுங்க, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"ம்," என்றார். "அவர் கிளம்பறதுக்கு முன்னாடி உங்களைத் தூக்கி உக்காரவெச்சிட்டுப் போக முடியாதாங்க?"

"அவர் கிளம்பறது நாலரை மணிக்கு. அப்ப உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்தே இருக்கணும். உக்காந்த எடத்துல புண்ணு வரும். எனக்கு வலிக்காது, அதனால வந்ததே தெரியாது. ஒருவாட்டி அப்படி வந்து மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"ம்." இந்த ‘ம்’ மிக மெதுவாக வந்தது. "நீங்க சொல்றது நியாயம்தாங்க."

"அப்போ முடிவை மாத்துங்க."

"எனக்குக் கேக்கிறது மட்டும்தான். முடிவு பண்றது தீர்வு அதிகாரி."

"அவரைப் பார்க்கலாமா?"

"அவர் யாரையும் பார்க்கிறதில்ல. பார்த்தா மனசு இளகிடும், கேட்டா குழம்பிடும்னு விதியே இருக்குங்க."

"சரி, நீங்க கேட்டதையாவது அவர்கிட்டச் சொல்வீங்களா?"

"சொல்றது என் வேலையில வராதுங்க," என்றார் அந்தப் பெண். உள்ளபடியே வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு யோசனை சொல்றேன், நான் சொன்னதா வெளியில சொல்லாதீங்க. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டா கூட்டுத் திறன் பொருந்தாது. ஆளுக்கு ஆள் முழுப் படி கிடைக்கும்."

"ஒரே வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு இருந்தா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கு இன்னும் விதி வரலீங்க. தனித்தனி வீடு வேணும்."

"இவரை விட்டா அக்கா வருவாங்க," என்றாள் மனைவி.  கணக்குப் போடுகிறாள் என்று தோன்றியது.  பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பிடரியில் ஒரு தட்டு விழுந்தது. நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். கொஞ்சம் காக்கவைத்துவிட்டுத்தான் இரண்டாவது தட்டைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் காலைகள் மாறின. மத்தியானம் நான் வேலை முடிந்து வந்து தூக்கும்வரை அவள் கட்டிலிலேயே கிடந்தாள். மெய்ப்புத் தாள்களை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு படித்தாளாம், கை மரத்துப்போகும்வரை. அச்சக முதலாளி நல்ல மனிதர், ஒரு வாரம் பொறுத்தார். ஆனால் திருத்தத்தை உடனுக்குடன் உட்கார்ந்து முடிக்க மேசையில் ஆள் வேண்டும். "திங்கட்கிழமை பத்து மணிக்கு நீங்க வரலேன்னா வேற ஆள் போட வேண்டி வரும்மா," என்று போன் பண்ணினார். அதைச் சொல்ல அவரும் கஷ்டப்பட்டார். ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லி நானும் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தேன். ஆள் இல்லை என்றார்கள்.

திங்கட்கிழமை வந்தது. ஒன்பது மணி தாண்டியிருக்கும், பலகையில் ஒரு அழைப்பு வந்தது.

"ஆஸ்பத்திரி, வணக்கம். எந்தப் பிரிவு வேணும்?"

"பரிவுத்துறை வேணும்."

என் மனைவியின் குரல். நானும் பல்லாயிரம் குரல்களைக் கேட்டவன். உட்கார்ந்திருக்கும் குரல் வேறு, படுத்திருக்கும் குரல் வேறு. அந்த நேரத்தில் அச்சகத்தில் அதட்டிக்கொண்டிருக்க வேண்டிய குரல், கூரையைப் பார்த்துக்கொண்டு பேசியது. 

"எந்த ரூம்?" என்று கேட்டேன்.

"மூணும். ஒரே லைன்ல."

"அது மூணும் தனித்தனி லைன்மா."

"அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன். நீங்க ஆபரேட்டர்தானே?"

நான்தான். ஒரு நோயாளியைப் பற்றிப் பேச நான்கு டாக்டர்களை ஒரே லைனில் சேர்த்துவைப்பது எனக்கு அன்றாட வேலை. மூன்று அதிகாரிகளைச் சேர்ப்பது என்ன பிரமாதம்? மூவரும் நேரத்துக்கு அலுவலகம் வந்துவிடும் நல்ல பழக்கம் உள்ளவர்கள். ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

"பார்வைப் பிரிவு."

"கேட்புப் பிரிவு, வணக்கம்."

"தீர்வு," என்றது மூன்றாவது குரல். தூசு படிந்த குரல்.

"யாருங்க லைன்ல?" என்று கேட்டார் பார்வை அதிகாரி.

"நீங்க யாரு?" என்றது தீர்வு.

"நான் பார்வைங்க. உங்க வரிசையிலதான், முதல் ரூம். எட்டு வருஷமா இருக்கேன்."

"அப்படியா. சந்தோஷம்."

"சார், நான் உங்க பக்கத்து ரூம்," என்றார் கேட்பு அதிகாரி கூச்சத்தோடு. "சுவர் தட்டினா கேக்கும்."

அந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து அதன் பார்வையும் கேட்பும் தீர்வும் ஒன்றாகச் சந்தித்துக்கொண்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்திப்பை நடத்திவைத்த பெருமை எனக்கு உண்டு.

"மூணு பேருக்கும் வணக்கம்," என்றாள் என் மனைவி.

"யாரும்மா நீங்க?" என்றது தீர்வு. "பொதுமக்கள் இந்த லைன்ல வரக் கூடாது."

"நான் பொதுமக்கள் இல்ல சார். நீங்க கூட்டி எடுத்தீங்களே ஒரு முழு மனுஷன், அதுல பாதி. மிச்சப் பாதி ஆஸ்பத்திரியில இருக்கு. அதுதான் லைன் போட்டுக் கொடுத்திருக்கு."

 அவள் தொடர்ந்தாள். ஒரு சொல்லும் தவறவில்லை.

"நான் இன்னும் கட்டில்லதான் இருக்கேன். பத்து மணிக்கு நான் அச்சகத்துல இல்லேன்னா எனக்கு வேலை இல்ல. நீங்க படியைத் திருப்பித் தர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அக்கா பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க, ஓடி வந்துடுவாங்க. பார்க்கிறவர் என்னைப் பார்த்திருக்கார். கேக்கிறவங்க நான் சொன்னதைக் கேட்டிருக்காங்க. முடிவு பண்றவரும் இப்ப இருக்கார். உங்க கணக்குப்படி மூணையும் கூட்டினா ஒரு முழு மனுஷன் வரணும். நான் அந்த மனுஷன்கிட்டப் பேசணும். கூப்பிடுங்க, நான் காத்திருக்கேன்."

பார்வை அதிகாரி தொண்டையைச் செருமினார். கேட்பு அதிகாரி ஒரு ‘ம்’ ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். தீர்வு அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

லைன் அறுந்தால் ஒரு விதமான மௌனம் வரும். மறுமுனையில் ஒருவர் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் வேறு விதமான மௌனம் வரும். இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கடைசியில் ஆஸ்பத்திரிக் கூடத்துக் கடிகாரம் பத்து அடித்தது, அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"ஏங்க," என்றாள் என் மனைவி, "யாராவது இருக்காங்களா?"

வேலையில் இருக்கும்போது நான் யாருக்கும் பொய்த் தகவல் கொடுப்பதில்லை.

"மன்னிக்கணும்மா. லைன் நல்லா இருக்கு. மூணு பேர் மூச்சு விடுறதும் தெளிவா கேக்குது. நீங்க கேட்ட மனுஷன்தான் அந்த ஆபீஸ்ல இல்ல."